படிவத்தில் எழுதிய ஒரு சொல்

பரிசு வாங்க மேடை ஏறப்போகும் பிள்ளைகளே, பரிசு கிடைக்காமல் பின்வரிசையில் இருந்து கைதட்டப்போகும் பிள்ளைகளே, வேலை முடிந்து குளித்துவிட்டு அவசர அவசரமாக வந்து நாற்காலி பிடித்திருக்கும் பெற்றோர்களே! இது போன்ற மலர்களில் வழக்கமாகத் தாகூர், கணித மேதை இராமானுஜன் என்று பெரியவர்களின் வரலாறுதான் வரும். இம்முறை நான் எடுத்துக்கொண்டவர் ஒரு சினிமாக்காரர். அதிலும் வில்லன் நடிகர். அதிலும் ஜெர்மன்காரர்! பிள்ளைகள் படிக்கும் மலரில் இவருக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்காமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவர் பெயர் கான்ராட் வைட். 1893ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22ஆம் நாள் பெர்லின் மாநகரில் பிறந்தார். தகப்பனார் முன்பு இராணுவத்தில் இருந்து, பிறகு அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர். கண்டிப்பானவர். தாயாரோ மகன் மீது உயிரையே வைத்திருந்தவர். கார்ல் என்று ஓர் அண்ணன் இருந்தான். சிறு வயதிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனான். எஞ்சியது கான்ராட் ஒருவன்தான். அந்தத் தாய்க்கு அவன் எப்படி இருந்திருப்பான் என்று சொல்ல வேண்டுமா என்ன?

ஒரு சமயம் தகப்பனார் கடுமையாக நோயுற்று அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. பெரிய டாக்டர், பெரிய செலவு. ஆனால் அந்த டாக்டர் குடும்ப நிலைமையைப் பார்த்து, அவர்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்த சிறுவன் கான்ராட், தானும் அப்படி ஒரு டாக்டராக வேண்டும் என்று மனத்துக்குள் உறுதி எடுத்துக்கொண்டான். நல்ல ஆசைதான். ஆனால் படிப்பு ஏறவில்லை! 1912இல் பள்ளியை விட்டு வந்தபோது கையில் சான்றிதழ் இல்லை. வகுப்பில் இருந்த 13 மாணவர்களில் அவன் 13ஆவது. கடைசிக்கும் கடைசி. பின்வரிசைப் பிள்ளைகளே, சிரிக்க வேண்டாம். டாக்டர் கனவு அதோடு போய்விட்டது.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டு ஒரு சங்கதி நடந்திருந்தது. பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டார்கள். திரை விலகும் முன்னால் ஒருவன் வந்து நீளமாக ஒரு முன்னுரை பேச வேண்டும். அந்த வேலை கான்ராடுக்குக் கிடைத்தது. நாடகம் படுதோல்வி. ஆனால் முன்னுரை பேசிய பையனை மட்டும் சபையோர் மெச்சிக்கொண்டு போனார்கள். ஊரார் முதன்முதலில் அவரை அறிந்தது முகத்தால் அல்ல, குரலால். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நடிகனாகப் போகிறேன் என்று மகன் சொன்னதும் தகப்பனார் கொதித்தார். கூத்தாடிகளை அவர் நாடோடிகளோடு சேர்த்தவர். நம் வீட்டிலும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்? தாயார்தான் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசை மகனுக்குக் கொடுத்தார். அவன் அந்தக் காசில் நாடகம் பார்ப்பான். முடிந்ததும் கொட்டகை வாசலில் நடிகர்கள் வெளியே வரும்வரை காத்துக் கிடப்பான். அங்கே வாயிற்காவலராக இருந்தவர் இரக்கப்பட்டு ஒரு நடிகரிடம் அறிமுகம் செய்து வைக்க, அவரிடம் பத்துப் பாடம் கற்றுக்கொண்டான்.

அப்போது பெர்லின் நாடக உலகில் பெரிய கை மாக்ஸ் ரைன்ஹார்ட் என்பவர். அவர் முன்னால் போய் நின்று, ஜெர்மன் மகாகவி கேத்தேயின் நாடகத்திலிருந்து வசனம் பேசிக் காட்டினான் பையன். ரைன்ஹார்ட் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பேசி முடிக்கும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாராம். போச்சு, எல்லாம் போச்சு என்று அவன் நினைத்திருப்பான். ஆனால் வேலை கிடைத்தது. மாதம் 50 மார்க் சம்பளம். வேலை என்ன தெரியுமா? ஈட்டி பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பது! நம் திருவிழாவில் தீவட்டி பிடிப்பவரை யார் கவனிக்கிறார்கள், அது மாதிரிதான். ஆனாலும் அந்தத் தாயார் ஏறக்குறைய எல்லா நாடகத்துக்கும் வந்து உட்கார்ந்து தம் மகன் ஈட்டி பிடிப்பதைப் பார்த்தார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. வைட் படையில் சேர்ந்து கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே மஞ்சள் காமாலையும் நிமோனியாக் காய்ச்சலும் சேர்ந்து அவரைச் சாய்த்தன. கடலோர மருத்துவமனையில் கிடந்து தேறி, போர்வீரர்களுக்கு நாடகம் போடும் குழுவில் சேர்ந்து, 1917இல் பெர்லின் திரும்பினார். அதன் பிறகுதான் சினிமா வாழ்வு தொடங்கியது.

அது ஊமைப்படக் காலம். நடிகர் வாயசைப்பார், சத்தம் வராது. நடுநடுவே எழுத்து வரும். 1920இல் டாக்டர் கலிகாரி என்ற படம் பெர்லினில் வெளிவந்தது. இன்றைக்கும் சினிமாக் கலையைப் படிப்பவர்கள் அதைப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். வீடுகள் எல்லாம் கோணல்மாணலாக இருக்கும். தெருவில் விழும் நிழலைக்கூடச் சாயத்தால் வரைந்திருப்பார்கள். கதை இதுதான்: ஊர்ச் சந்தைக்கு ஒரு கிழவர் வருகிறார், கலிகாரி என்று பெயர். அவரிடம் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒருவன் தூங்கியபடியே கிடக்கிறான். கிழவர் ஏவினால் எழுந்து நடப்பான். ஏவினால் கொலையும் செய்வான். சொந்தப் புத்தி கிடையாது. அந்தத் தூக்கத்தில் நடப்பவனாக நடித்தவர் வைட். கறுப்பு உடையில், ஒல்லியாக, சுவரோடு சுவராக அவர் ஊர்ந்து போவதைப் பார்த்தால் இப்போதும் முதுகு சில்லிடும். ஏவுகிற கிழவராக நடித்தவர் வெர்னர் கிராவுஸ். இந்தப் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே படத்தில் வைட் புகழ் பெற்றார். மறு ஆண்டு, 1921இல், இந்தியக் கல்லறை என்ற படத்தில் இந்திய மகாராஜாவாகவே வந்தார். தலைப்பாகை, மணிமாலை, கோயில், அரண்மனை எல்லாம் உண்டு. ஆனால் அந்த இந்தியா பெர்லினுக்குப் பக்கத்தில் மரத்தாலும் சாந்தாலும் கட்டிய இந்தியா! நம் ஆட்கள் பார்த்திருந்தால் சில இடங்களில் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அது கிடக்கட்டும்.

அமெரிக்கா அவரை அழைத்தது. ஹாலிவுட்டில் 1928இல் சிரிக்கும் மனிதன் என்ற படம் வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவின் கதை. சிறு வயதில் வாயைக் கிழித்துவிட்டதால் அழும்போதும் சிரித்த முகமாகவே இருக்கிற ஒரு பாவப்பட்டவன் வேடம் வைட்டுக்கு. இதற்காக வாய்க்குள் ஒரு கருவியை மாட்டி, உதட்டின் இரு ஓரங்களையும் கொக்கியால் இழுத்துக் கட்டினார்கள். அதை மாட்டிக்கொண்டால் பேச முடியாது. வாய் சிரித்துக்கொண்டே இருக்க, கண்ணால் மட்டும் அழ வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அழுதிருக்கிறார் மனிதர்! பேட்மேன் படக்கதைகளில் வரும் ஜோக்கர் என்ற கோமாளி வில்லனைப் பிள்ளைகள் அறிவீர்கள். 1940இல் அந்த ஜோக்கரை வரைந்தவர்கள் முன்மாதிரியாகக் கொண்டது இந்தப் படத்தில் வைட்டின் முகத்தைத்தான்.

புகழின் உச்சியில் இருக்கும்போது பேசும்படம் வந்துவிட்டது. அதோடு பல பேருடைய பிழைப்பில் மண் விழுந்தது. வைட்டுக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஊமைப்படத்தில் எந்த நாட்டுக்காரனும் எந்த நாட்டிலும் நடிக்கலாம்; வாயைத் திறந்தால்தானே ஊர் தெரியும்? 1929இல் அவர் பெர்லினுக்கே திரும்பினார். தாய்மொழியில் பேசினார். நாடக மேடையில் பழுத்த குரல் அல்லவா, ஜனங்கள் மயங்கினார்கள். தாழ்ந்த குரல். அவசரப்படாத குரல். கத்தாமலேயே எதிராளியை நடுங்க வைக்கும் குரல்.

அக்காலத்தில் ஒரு படத்துக்கு வேறு மொழியில் குரல் கொடுக்கும் வழக்கம் நன்றாக ஊன்றவில்லை. ஆகவே ஒரே செட்டில் ஒரே கதையை மூன்று மொழியில் மூன்று தடவை எடுப்பார்கள். கடல் நடுவே விமானம் இறங்க மிதக்கும் மேடை கட்டுகிற கதை ஒன்றை 1932இல் அப்படி எடுத்தார்கள். ஜெர்மன் படத்துக்கு ஹான்ஸ் ஆல்பர்ஸ், பிரெஞ்சுப் படத்துக்கு ஷார்ல் புவாயே, ஆங்கிலப் படத்துக்கு நம் கான்ராட் வைட்! மூன்று ஆண்டுக்கு முன் ஆங்கிலம் வராது என்று கப்பல் ஏறி வந்தவர், உழைத்து அந்த மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டார். அதே படத்துக்காக ஒரு பாட்டும் ஆங்கிலத்தில் பாடி இசைத்தட்டாக வந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை.

இனிதான் முக்கியமான இடம்.

1933ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சித் தலைவரானார். யூத இனத்தவரை எல்லாத் தொழிலிலிருந்தும் விரட்டுவது அவர் கட்சியின் கொள்கை. சினிமாத் தொழில் பிரசார மந்திரி கெப்பல்ஸ் கைக்குப் போயிற்று. சினிமாவில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் ஒரு படிவத்தை நிரப்பித் தர வேண்டும். அதில் தம் இனம் என்ன என்று எழுத வேண்டும்.

தோட்டத்துப் பெரியவர்களே, ஒரு பாரத்தில் எழுதுகிற ஒரு வார்த்தைக்கு என்ன கனம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு அடையாளக் கார்டை வைத்துக்கொண்டு நீலக் கார்டுக்கு ஆபீஸ் ஆபீசாக அலைந்தவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஆளுக்கு வேலை எல்லாம்.

வைட் பிறப்பால் யூதர் அல்லர். கிறிஸ்துவர், அசல் ஜெர்மானியர். உண்மையை எழுதினால் போதும், யாரும் அவரைத் தொடப்போவதில்லை. ஆனால் அந்த ஆண்டு மார்ச் மாதக் கடைசியில்தான் அவர் இலோனா பிரேகர் என்ற பெண்மணியை மணந்திருந்தார். எல்லாரும் லில்லி என்று அழைப்பார்கள். அவர் யூதப் பெண். மனைவியைத் தள்ளி வைத்துவிட்டு, புதிய ஆட்சியை ஆதரிப்பதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வைட்டுக்கு ஒரு குறையும் வராது என்று மேலிடத்திலிருந்து சாடை காட்டப்பட்டது. அவர் பேனாவை எடுத்து, இனம் என்ற இடத்தில் யூதர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு சொல்! பொய்தான், மறுக்கவில்லை. பள்ளி ஆசிரியை நானே பொய்யை மெச்சுகிறேனே என்று பிள்ளைகள் கேட்கலாம். மனைவி எந்தப் பக்கம் நிற்கிறாளோ அந்தப் பக்கம் நானும் நிற்கிறேன் என்று சொல்வதற்கு அந்தக் கட்டத்தில் வேறு இடம் இல்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். நாற்பது வயதில், கட்டிய பெயரும், குரல் எடுபட்ட மொழியும், பிறந்த ஊரும் அதோடு போயின. இருவரும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது வெர்னர் கிராவுஸ் கதைக்கு வருவோம். கலிகாரிக் கிழவராக நடித்தாரே, அவரேதான். மகா நடிகர், அதில் சந்தேகமே இல்லை. அவர் ஜெர்மனியிலேயே தங்கினார். நாஜி அரசு அவருக்குப் பட்டமும் பதவியும் கொடுத்தது. 1934இல் வைட் இங்கிலாந்தில் யூதன் சூஸ் என்ற படத்தில் நடித்தார். யூதர்கள் படும் பாட்டை இரக்கத்தோடு காட்டிய படம் அது. ஜெர்மனியில் அவர் பெயரையே எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. ஆறு ஆண்டு கழித்து, 1940இல், அதே பெயரில் கெப்பல்ஸ் தரப்பு ஒரு படம் எடுத்தது. இது யூதர் மீது வெறுப்பை ஊட்டுவதற்கென்றே எடுத்த நச்சுப் படம். அதில் கேவலமாகச் சித்திரிக்கப்பட்ட பல யூத வேடங்களை ஒருவராகவே தாங்கி நடித்தவர் யார்? வெர்னர் கிராவுஸ்! போர் முடிந்த பிறகு அவரைச் சில காலம் மேடை ஏறவிடாமல் தடுத்து விசாரித்தார்கள். 1920இல் ஒரே கோணல் வீட்டுக்குள், ஒரே காமிரா முன்னால் நின்ற இரண்டு பேர். ஏவியவனாக நடித்தவர் ஏவலுக்கு ஆடினார்; தூக்கத்தில் நடந்தவனாக நடித்தவர் விழித்துக்கொண்டார்.

இங்கிலாந்து போனதோடு தொல்லை விடவில்லை. வில்லியம் டெல் கதைப் படத்தில் கொடுங்கோலன் வேடத்துக்காக மீண்டும் ஜெர்மனிக்குப் போனவரைத் திரும்ப விடாமல் பிடித்து வைத்துக்கொண்டார்கள். உடம்பு சரியில்லை, பயணம் செய்ய முடியாது என்று சொல்லிக்கொண்டார்கள். இங்கிலாந்துப் படக் கம்பெனி விடவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு டாக்டரை அனுப்பிவிட்டது! அதன் பிறகுதான் விட்டார்கள். மாமனார் மாமியாரை ஆஸ்திரியாவிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு இரகசியமாகக் கடத்திக் காப்பாற்றியவரும் வைட்தான். 1939இல் பிரிட்டிஷ் பிரஜையானார்.

அந்த ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படம்தான் பாக்தாத் திருடன். 1940இல் வெளிவந்தது, வண்ணப்படம். எம்.ஜி.ஆர். நடித்து 1960இல் அதே பெயரில் வந்த தமிழ்ப் படம் வேறு. இது ஆங்கிலப் படம். பறக்கும் கம்பளம், பறக்கும் குதிரை, சீசாவுக்குள் பூதம் எல்லாம் உண்டு. சூழ்ச்சிக்கார மந்திரி ஜாஃபர் வேடத்தில் வைட். அவரை எதிர்க்கும் சின்னத் திருடன் அபுவாக நடித்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? மைசூரைச் சேர்ந்த சாபு! யானைப் பாகன் மகன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. யானைக்கார பையன் என்ற 1937ஆம் ஆண்டுப் படத்துக்காக வெள்ளைக்காரப் படக்காரர்கள் மைசூரில் கண்டுபிடித்து இங்கிலாந்துக்கு அழைத்துப் போனவன். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட பெர்லின்காரரும், ஊரைவிட்டுக் கடல் கடந்து வந்த மைசூர்ப் பையனும் ஒரே படத்தில். படத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதே 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. மிச்சத்தை அமெரிக்காவில் போய் முடித்தார்கள். ஒளிப்பதிவு, கலை, தந்திரக் காட்சி மூன்றுக்கும் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. கடைசியில் கம்பளத்தில் பறந்து வரும் அபு, ஜாஃபரை ஒரே அம்பில் சாய்க்கிறான். அந்த இடத்தில் கைதட்டாத பிள்ளை எந்த நாட்டிலும் இருந்திருக்காது.

வைட் 1940இல் மனைவியோடு அமெரிக்கா போனார். சேமிப்பில் பெரும்பகுதியையும், பின்னால் வந்த சம்பளத்தில் ஒரு பங்கையும் பிரிட்டனின் போர் நிதிக்குக் கொடுத்தார். லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கு குழிகளில் கிடந்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் மிட்டாயும் சாக்லேட்டும் உறையில் காசும் போட்டு அனுப்பினார்.

ஹாலிவுட்டில் அவருக்கு என்ன வேடம் கிடைத்தது என்பதுதான் வேடிக்கை. நாஜி வேடம்! பேச்சில் ஜெர்மன் வாசனை வீசுகிறது, முகமோ கூரிய முகம். வேறு யாரைப் போடுவார்கள்? எவரிடமிருந்து தப்பி ஓடி வந்தாரோ அவர்களுடைய சட்டையையே மாட்டிக்கொண்டு, அவர்கள் பேசுவது போலவே பேசிப் பிழைக்க வேண்டிய நிலை. அவர் மறுக்கவில்லை. ஆனால் நாஜியாக நடித்தால் அவன் கொடியவனாகவே இருக்க வேண்டும், ஜனங்கள் அவன் மீது இரக்கப்படக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். நம்பியாரைத் திரையில் கண்டதும் மண்ணை வாரித் தூற்றிய பாட்டிமார், நிஜத்தில் அவர் ஐயப்ப பக்தர், அமைதியானவர் என்று கேட்டால் நம்பமாட்டார்கள் அல்லவா? வைட் கதையும் அதேதான். 1942இல் நாஜி ஏஜெண்ட் என்ற படத்தில் மட்டும் இரட்டை வேடம் கிடைத்தது; அண்ணன் தம்பியில் ஒருவன் நாஜி, மற்றவன் அவனை எதிர்க்கும் நல்லவன்.

அதே ஆண்டில் காசாபிளாங்கா வந்தது. வட ஆப்பிரிக்காவில் ஓர் ஊர். ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் அமெரிக்கா போக ஒரு விசாவுக்காக அங்கே காத்துக் கிடக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க வரும் ஜெர்மன் அதிகாரி மேஜர் ஸ்டிராசர் வேடம் வைட்டுக்கு. ஐந்து வாரச் சம்பளம் 25,000 டாலர். ஈட்டி பிடித்து 50 மார்க் வாங்கியவர்!

அந்தப் படத்தில் ஒரு காட்சி. ஜெர்மன் அதிகாரிகள் பியானோவைச் சுற்றி நின்று தங்கள் நாட்டுப் பாட்டை உரக்கப் பாடுகிறார்கள். விடுதியில் இருக்கும் அகதிகள் எல்லாரும் எழுந்து பிரெஞ்சு நாட்டுப்பண்ணைப் பாடி அதை அமுக்கிவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நடித்தவர்களில் பலர் நிஜமாகவே ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்கள். ஸ்டிராசர் முகம் கறுத்துப்போய், விடுதியை மூடச் சொல்கிறான். படம் பார்ப்பவர் அவனை வெறுக்கிறார். அந்த வெறுப்பை வாங்கிக்கொண்டு நிற்பவரும் ஓர் அகதிதான், அகதிப் பெண்ணின் கணவர்தான் என்பது திரையில் எங்கே தெரியும்? மறுமுறை அந்தப் படத்தைப் பார்க்க வாய்த்தால் அந்த இடத்தில் பாடுகிறவர்களை விட்டுவிட்டு இவர் முகத்தைப் பாருங்கள்.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நண்பரோடு கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து அங்கேயே சாய்ந்தார். கூட ஆடியவரில் ஒருவர் டாக்டர். அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. வயது 50. ஹிட்லரின் வீழ்ச்சியைப் பார்க்க இன்னும் இரண்டு ஆண்டு இருந்திருக்க வேண்டும். காசாபிளாங்காவுக்குச் சிறந்த படம் என்று 1944இல் ஆஸ்கார் கொடுத்தபோதும் அவர் இல்லை.

1932இல் எடுத்த அந்தக் கடல்மேடைப் படத்துக்கு அவர் பாடினாரே ஒரு பாட்டு, அதை 1980இல் பிரிட்டிஷ் வானொலியில் யாரோ ஒலிபரப்ப, யார் இந்தக் குரலுக்குரியவர் என்று கேட்டு நேயர்கள் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார்கள். பழைய இசைத்தட்டு மறுபடியும் விற்பனைக்கு வந்தது. அவருடைய அஸ்தி பல காலம் அமெரிக்காவில் இருந்தது. 1998இல் அதை லண்டனுக்குக் கொண்டுவந்து, கோல்டர்ஸ் கிரீன் தகனச் சாலையின் சுவர் மாடம் ஒன்றில் வைத்தார்கள். பெர்லினுக்குக் கொண்டுபோகவில்லை.